டோபமைன்: கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில்?

படத்துக்கு 'லைக்' விழுந்தால் டோபமைன். பிடித்த சாப்பாடு மேசைக்கு வந்தால் டோபமைன். கைத்தொலைபேசியை ஒருநாள் ஒதுக்கி வைத்தால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது... 'டோபமைன் டீடாக்ஸ்'.

சமூக ஊடகங்களில் டோபமைன் என்றாலே ஏதோ தண்ணீர்த் தொட்டி மாதிரி. நிரம்பினால் மகிழ்ச்சி, காலியானால் சோர்வு. நாம் நினைத்தால் ஏற்றலாம், நினைத்தால் இறக்கலாம்.

மூளைக்குள் அப்படி ஒரு தொட்டி கிடையாது. டோபமைன் எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் இருக்கவேண்டும் என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்பவை சில புரதங்கள். அவை தனித்தனியாக வேலை பார்ப்பதில்லை. ஒன்றை ஒன்று பிடித்து, தடுத்து, விடுவித்து, சேர்ந்துதான் கணக்கை நேர் செய்கின்றன.

அந்தக் கூட்டணி குலைந்தால் என்ன ஆகும்? பார்க்கின்சன் நோயாளி உள்ள வீட்டில் கேட்டால் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரிய வேலையாகிவிடும். எழுந்து நடக்க மனம் சொல்லும், கால் கேட்காது.

எப்படி நடக்கிறது இதெல்லாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டோபமைன் அப்படி என்னதான் செய்யுது?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ரசாயனங்களில் டோபமைனும் ஒன்று. மனித மூளையில் ஏறக்குறைய 86 பில்லியன் நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் டோபமைன் தயாரிக்கும் நடுமூளை நரம்பணுக்கள் சுமார் 400,000 முதல் 600,000 வரைதான்.

எண்ணிக்கை குறைவு. ஆனால் கிளைகள் அதிகம். ஒரே ஒரு நரம்பணுவின் கிளைகள் பிரிந்து பிரிந்து, ஒரு மில்லியனுக்கும் அதிகமான இடங்களைத் தொடக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

உடல் அசைவைத் தொடங்குவது, ஒன்றைத் தேடிப் போகும் ஆர்வம், அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்வது... இத்தனைக்கும் டோபமைன் தேவை. 'மகிழ்ச்சி ரசாயனம்' என்ற பட்டம் அதன் வேலையில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. எதிர்பாராத நல்லது ஒன்று நடக்கும்போது டோபமைன் நரம்பணுக்கள் துள்ளுகின்றன. அதே நல்லது பழகிப்போனால் அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது. 'இதைக் கவனி, அடுத்த முறைக்கு நினைவில் வை' என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அது.

முயல்கள் சொன்ன உண்மை

டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பதே 1950களின் பிற்பகுதியில்தான் தெரியவந்தது. சுவீடனைச் சேர்ந்த விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பிறகு அவற்றுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். மூளைக்குள் போனதும் டோபமைனாக மாறக்கூடிய பொருள் அது. சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின.

1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச்சும் அவருடைய சகாவும் பார்க்கின்சன் நோயால் மாண்டவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்க்கப்பட்டது. இன்றுவரை பார்க்கின்சனுக்கு முதன்மை மருந்து அதுதான். கார்ல்சனுக்கு 2000இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சரி, முயல்களை ரெசர்பின் முடக்கியது எப்படி? அங்கேதான் புரதங்களின் கதை தொடங்குகிறது.

முதல் கட்டம்: தயாரிப்பு

நாம் சாப்பிடும் உணவில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றிலும் உண்டு. நரம்பணுவுக்குள் டைரோசினை எல்-டோபாவாக மாற்றுவது டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற புரதம். சுருக்கமாக டிஎச் என்று வைத்துக்கொள்வோம். எல்-டோபாவை டோபமைனாக மாற்றுவது இன்னொரு புரதம்.

வேகத்தை முடிவு செய்வது டிஎச்தான். அது மெதுவாக வேலை செய்தால் மொத்த உற்பத்தியும் மெதுவாகும்.

அப்படியென்றால் டைரோசின் நிறையச் சாப்பிட்டால் டோபமைன் நிறையக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. டிஎச்சுக்குத் தேவையான டைரோசின் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது. கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே? டோபமைனிடமே!

தயாரான டோபமைன் அளவுக்கு மேல் சேர்ந்தால், அது திரும்பிப்போய் டிஎச் புரதத்தின் வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. கூடவே, டிஎச்சின் வால் போன்ற ஒரு பகுதியும் மடங்கி வந்து அந்த வாசலை அடைக்கிறது. உற்பத்தி நின்றுபோகிறது. இந்தக் காட்சியின் வடிவத்தை 2022இல் ஆய்வாளர்கள் நுண்படமாகவே எடுத்து வெளியிட்டார்கள்.

மறுபடி டோபமைன் தேவைப்படும்போது? இன்னொரு புரதம் வந்து டிஎச்சின் வாலில் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை ஒட்டவைக்கிறது. வால் விலகுகிறது. டோபமைனின் பிடி தளர்கிறது. உற்பத்தி தொடங்குகிறது.

14-3-3 என்று எண்ணால் அழைக்கப்படும் புரதக் குடும்பமும் உண்டு. பாஸ்பேட் ஒட்டிய டிஎச்சைப் பிடித்துக்கொண்டு, அது தொடர்ந்து வேலை செய்ய உதவுகிறது. பாஸ்பேட்டைப் பிய்த்தெறிய வேறொரு புரதம் காத்திருக்கிறது. ஒட்டுபவர் ஒருபக்கம், பிய்ப்பவர் ஒருபக்கம். இருவருக்கும் இடையிலான இழுபறிதான் அந்த நேரத்து உற்பத்தி.

இரண்டாம் கட்டம்: பையில் போட்டுப் பாதுகாப்பது

தயாரான டோபமைனை அப்படியே விட்டுவைக்க முடியாது. நரம்பணுவுக்குள் அது சும்மா மிதந்துகொண்டிருந்தால் பிராணவாயுவோடு வினைபுரிந்து நச்சுப்பொருள்களாக மாறும். தன்னை உருவாக்கிய நரம்பணுவையே சேதப்படுத்தும்.

அதனால் உடனே அதை நுண்ணிய பைகளுக்குள் அடைக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வது விஎம்ஏடி-2 என்ற புரதம். தயாரிக்கும் புரதங்கள் இரண்டும் இந்த விஎம்ஏடி-2 புரதத்தோடு ஒட்டியே நிற்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. செய்த இடத்திலேயே பொட்டலம் கட்டுகிற மாதிரி. வெளியே சிந்த வாய்ப்புக் குறைவு.

கார்ல்சனின் முயல்கள் முடங்கியது இதனால்தான். ரெசர்பின் போய்ப் பூட்டியது இந்த விஎம்ஏடி புரதங்களைத்தான். பைக்குள் போக முடியாத டோபமைன் உள்ளேயே சிதைந்தது. வெளியே அனுப்பச் சரக்கு இல்லை.

நரம்பணுவுக்குச் சமிக்ஞை வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. பையிலும் நரம்பணுவின் சுவரிலும் உள்ள புரதங்கள் கயிறு திரிப்பதுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. பை சுவரோடு ஒட்டித் திறக்கிறது. டோபமைன் வெளியே கொட்டுகிறது. அப்படி முறுக்கிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றின் பெயர் சின்டாக்சின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

மூன்றாம் கட்டம்: வெளியே போனது எப்போ திரும்பும்?

வெளியே வந்த டோபமைன் அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளைத் தொட்டுச் செய்தி சொல்கிறது. சொல்லி முடித்ததும் அது அங்கிருந்து விலகவேண்டும். இல்லாவிட்டால் பழைய செய்தியும் புதிய செய்தியும் கலந்துவிடும்.

அந்த வேலையைச் செய்வது டோபமைனை மீண்டும் உள்ளே இழுக்கும் டிஏடி என்ற புரதம்.

நம் ஊர் உணவங்காடி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம். யாருமே திருப்பி வைக்காவிட்டால்? மேசையெல்லாம் தட்டு குவிந்து கிடக்கும். ஆனால் கடைக்காரரிடம் அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தட்டு இருக்காது.

மூளையிலும் அதேதான். 1996இல் ஆய்வாளர்கள் டிஏடி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். வெளியே கொட்டிய டோபமைன் வழக்கத்தைவிடக் குறைந்தது 100 மடங்கு அதிக நேரம் அங்கேயே தங்கியது. எலிகள் ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருந்தன.

வியப்பு என்னவென்றால், நரம்பணுக்களுக்குள் சேமிப்பில் இருந்த டோபமைன் வழக்கமான அளவில் சுமார் 5 விழுக்காடாகச் சரிந்திருந்தது. உற்பத்தி கூடியும் ஈடுகட்ட முடியவில்லை. மூளையின் டோபமைன் சேமிப்பில் பெரும்பகுதி புதிதாகச் செய்ததல்ல, திருப்பி எடுத்தது என்பது அப்போதுதான் தெளிவானது.

இப்போது சொல்லுங்கள்: அந்த எலிகளுக்கு டோபமைன் அதிகமா, குறைவா? வெளியே அதிகம், உள்ளே குறைவு. 'டோபமைன் அளவு' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மனிதர்களிலும் டிஏடி புரதம் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். மிக அரிய நோய். 2009இல்தான் அதன் மரபணுக் காரணம் கண்டறியப்பட்டது. குழந்தைப் பருவத்திலேயே பார்க்கின்சன் போன்ற இறுக்கமும் கட்டுப்படுத்த முடியாத அசைவுகளும் வந்துவிடும்.

டிஏடியை யார் கட்டுப்படுத்துறாங்க?

டிஏடி நரம்பணுவின் சுவரில் இருந்தால்தான் வேலை செய்யும். அதை உள்ளே இழுத்து வைத்தால் வேலை நிற்கும். எத்தனை டிஏடி சுவரில், எத்தனை உள்ளே என்பதை மற்ற புரதங்கள் முடிவு செய்கின்றன.

நரம்பணுவின் சுவரில் டி2 என்ற ஏற்பி இருக்கிறது. தான் வெளியே விட்ட டோபமைனைத் தானே அளந்து பார்க்கும் காவலாளி. வெளியே அதிகமானால் அது மூன்று வேலை செய்கிறது. டிஎச்சின் வேகத்தைக் குறைக்கிறது. பைகள் திறப்பதைக் குறைக்கிறது. டிஏடியோடு கைகோத்து, அதை இன்னும் அதிகமாகச் சுவருக்குக் கொண்டுவருகிறது.

முன்பு சொன்ன சின்டாக்சின் இங்கேயும் வருகிறது. டோபமைனை வெளியே அனுப்ப உதவும் அதே புரதம், டோபமைனை உள்ளே இழுக்கும் டிஏடியையும் பிடித்திருக்கிறது. வரவும் செலவும் ஒரே மேசையில் பேசி முடிக்கப்படுகின்றன என்று சொல்லலாம்.

போதைப்பொருள்கள் தாக்குவது இந்த இடத்தைத்தான். கொக்கெய்ன் டிஏடியின் வாயை அடைக்கிறது. டோபமைன் வெளியிலேயே தேங்குகிறது. 'ஐஸ்' எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் இன்னும் மோசம். அது டிஏடி வழியாகவே உள்ளே நுழைந்து, பைகளில் இருக்கும் டோபமைனை வெளியேற்றி, டிஏடியைத் தலைகீழாக வேலை செய்ய வைக்கிறது. உள்ளே இழுக்கவேண்டிய புரதம் வெளியே கொட்டத் தொடங்குகிறது. டிஏடியின் வாலைப் பிடித்து அதில் பாஸ்பேட்டை ஒட்டும் இன்னொரு புரதம் அதற்கு உடந்தையாகிறது.

கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தும் டிஏடியைத்தான் தடுக்கிறது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றா? அளவும் வேகமும் வேறு. மருத்துவர் சொன்ன அளவில் விழுங்கும் மாத்திரை மெதுவாக மூளைக்குப் போகிறது, மிதமாகத் தடுக்கிறது. புகைத்தோ உறிஞ்சியோ எடுக்கும் போதைப்பொருள் மிக விரைவாக மொத்தமாகத் தாக்குகிறது.

எல்லாக் கட்டத்திலும் தலை நீட்டும் ஒரு புரதம்

தயாரிப்பு, பை, வெளியேற்றம், திருப்பி எடுத்தல்... இந்த நான்கையும் தொடும் புரதம் ஒன்று உண்டு. பெயர் ஆல்ஃபா-சினுக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி.

அது டிஎச்சைப் பிடித்து உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. பைகளின் மேல் உட்கார்ந்து, அவை திறக்க உதவும் புரதங்களைச் சேர்த்து வைக்கிறது. டிஏடியையும் தொடுகிறது. அளவோடு இருக்கும்வரை அது நல்ல ஒருங்கிணைப்பாளர்.

சிக்கல் தொடங்குவது அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்போது. பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களில் காணப்படும் 'லூவி' கட்டிகளில் நிறைந்திருப்பது இந்தப் புரதம்தான் என்பது 1997இல் தெரியவந்தது. அதே ஆண்டில், இந்தப் புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை மாற்றம் சில குடும்பங்களில் நோயைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியதும் கண்டுபிடிக்கப்பட்டது.

2003இல் இன்னொரு தகவல். அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் இந்த மரபணு கூடுதல் படிகளாக இருந்தது. புரதத்தில் எந்தப் பழுதும் இல்லை. அளவு மட்டும்தான் அதிகம். ஆனாலும் நோய் வந்தது. அதுவும் இள வயதிலேயே.

கட்டியான புரதம் டிஎச்சையும் டிஏடியையும் சரியாகப் பிடிக்க முடியாது. பைகள் ஓட்டையாகலாம். சிந்திய டோபமைன் நஞ்சாகிறது. அந்த நஞ்சு ஆல்ஃபா-சினுக்ளினை மேலும் கட்டியாக்குகிறது. டோபமைன் நரம்பணுக்கள் ஏன் முதலில் மடிகின்றன என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் தரும் முக்கிய விளக்கங்களில் இந்தச் சுழலும் ஒன்று.

நோய் ஏன் லேட்டா தெரியுது?

பார்க்கின்சனின் கை நடுக்கமும் தாமதமான நடையும் வெளியே தெரியும் முன்பே, டோபமைன் நரம்பணுக்களில் பெரும்பங்கு மடிந்திருக்கும். அதுவரை ஒன்றும் தெரியாமல் இருக்கக் காரணமும் புரதங்கள்தான்.

மிஞ்சிய நரம்பணுக்கள் உற்பத்தியைக் கூட்டுகின்றன. சுவரில் டிஏடியைக் குறைத்து, வெளியே விட்ட டோபமைனைச் சற்று அதிக நேரம் தங்க விடுகின்றன. வீட்டில் வருமானம் குறைந்தபோதும் வெளியே தெரியாமல் சமாளிக்கும் அம்மாக்களைப் போல. ஆனால் எத்தனை நாளைக்கு?

மோப்ப சக்தி குறைவது, நாள்பட்ட மலச்சிக்கல், கனவில் கை கால்களை வீசி அடிப்பது, கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது... இவை முன்கூட்டியே வரக்கூடிய அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருப்பதால் மட்டும் பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டாம். பல சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூவருக்குப் பார்க்கின்சன் இருப்பதாக 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பெரிய வேறுபாடு இல்லை.

மரபணுவில் மட்டும் சில வேறுபாடுகள் உண்டு. எல்ஆர்ஆர்கே-2 என்ற புரதம் மற்ற புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டும் வேலையைச் செய்கிறது. நரம்பணுவுக்குள் பைகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் புரதங்கள் அதன் பொறுப்பு. அந்த மரபணுவில் காணப்படும் இரண்டு மாற்றங்கள் சீனர்களிடையே பார்க்கின்சன் அபாயத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகின்றன. சிங்கப்பூர் ஆய்வாளர்களும் அதில் பங்காற்றியிருக்கிறார்கள். மாற்றம் உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மாத்திரையும் சாப்பாடும்: கவனிக்க வேண்டியது

இங்கேதான் இந்த விஞ்ஞானம் நம் வீட்டுச் சமையலறைக்கு வருகிறது.

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஏன் டோபமைனையே மாத்திரையாகக் கொடுப்பதில்லை? ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடுப்பைத் தாண்ட டோபமைனுக்கு வழியில்லை. எல்-டோபாவுக்கு வழி உண்டு. அதை உள்ளே அழைத்துச் செல்ல ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது.

மடோபார், சினமெட் போன்ற மாத்திரைகளில் எல்-டோபாவோடு இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். மூளைக்குப் போகும் முன்பே வழியில் அது டோபமைனாக மாறிவிடாமல் காப்பதுதான் அதன் வேலை.

ஆனால் அந்தக் கடத்திப் புரதம் எல்-டோபாவுக்காக மட்டும் இல்லை. நாம் சாப்பிடும் இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பால் ஆகியவை செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாகனத்தில்தான் ஏறவேண்டும். கூட்டம் அதிகமானால் எல்-டோபாவுக்கு இடம் கிடைக்காது. குடலிலும் இதே போட்டி. மூளையின் வாசலிலும் இதே போட்டி.

மாத்திரையைத் தே தாரிக் அல்லது மைலோவோடு விழுங்குவது பல வீடுகளில் வழக்கம். சிலருக்கு 'மாத்திரை போட்டும் கேட்கல' என்று ஆவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கவனத்தில் கொள்ளவேண்டியவை:

எல்-டோபா மாத்திரையைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ, வெறும் தண்ணீரோடு எடுப்பது நல்லது. குமட்டல் வந்தால் பிஸ்கட் மாதிரி லேசான ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

புரதச் சத்தை அடியோடு நிறுத்தவேண்டாம். முதியவர்களுக்குத் தசை கரைந்துவிடும். வேளையை மாற்றுவதா, அளவைப் பிரிப்பதா என்பதை மருத்துவரும் உணவு நிபுணரும் சொல்லட்டும்.

இரும்புச் சத்து மாத்திரை எல்-டோபாவோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்.

வாந்தியை நிறுத்தும் சில மருந்துகளும் சில மனநல மருந்துகளும் டி2 ஏற்பியை அடைக்கும். மெட்டோக்ளோப்ரமைட் அதற்கு ஓர் உதாரணம். எந்த மருந்தகத்துக்குப் போனாலும் வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடல் இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

'பூனைக்காலி விதை சாப்பிட்டால் போதுமே' என்று சிலர் சொல்வதுண்டு. அந்த விதையில் இயற்கையாகவே எல்-டோபா இருப்பது உண்மை. அதனால்தான் எச்சரிக்கையும் தேவை. ஏற்கனவே மாத்திரை எடுப்பவர் பூனைக்காலிப் பொடியையும் சேர்த்தால் மொத்த அளவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கட்டுப்பாடில்லாத அசைவு, மனக்குழப்பம், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் வரலாம்.

அதிகமானா நல்லதுதானே?

இல்லை. அதை அனுபவித்த குடும்பங்கள் உண்டு.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் இன்னொரு வகை மருந்துகள் டோபமைன் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டுகின்றன. அவற்றை எடுப்போரில் சிலருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, அளவுக்கு மீறிய பாலியல் நாட்டம் போன்றவை தோன்றலாம். வாழ்நாளில் லாட்டரிச் சீட்டே வாங்காதவர்கூட மாறிப்போகலாம்.

அது குணக்கேடு இல்லை. மருந்தின் பக்கவிளைவு. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. வீட்டில் உள்ளவர்கள் கவனித்து மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

ஒரே ஒரு புரதத்தைச் சரிசெய்தால்?

எல்-டோபாவை டோபமைனாக மாற்றும் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. உலகளவில் அரிது. தைவானில் ஒப்பீட்டளவில் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்குத் தலைகூட நிற்காது. எல்-டோபா கொடுத்தும் அதிகப் பயன் இல்லை, ஏனென்றால் அதை மாற்றும் கை இல்லை.

தைவான் மருத்துவர்கள் அந்தப் புரதத்துக்கான மரபணுவை, தீங்கில்லாத நுண்ணுயிரி ஒன்றில் ஏற்றி, மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். 2012இல் நான்கு பிள்ளைகளின் முன்னேற்றம் குறித்து எழுதினார்கள். அசையாமல் கிடந்த பிள்ளைகள் மெல்ல அசையத் தொடங்கினார்கள். அந்தச் சிகிச்சைக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன.

பார்க்கின்சன் அவ்வளவு எளிதல்ல. அங்கே ஒரு புரதம் மட்டும் பழுதாகவில்லை. பல புரதங்களுக்கு இடையிலான உறவே கெட்டிருக்கிறது. ஆல்ஃபா-சினுக்ளின் கட்டியாவதைத் தடுப்பது, எல்ஆர்ஆர்கே-2 புரதத்தை அடக்குவது என்று பல முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன.

அப்போ 'டோபமைன் டீடாக்ஸ்'?

கைத்தொலைபேசியை ஒருநாள் ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம்தான். தூக்கம் வரும், கவனம் கூடும், வீட்டில் நாலு வார்த்தை பேசலாம். ஆனால் அதனால் மூளையிலிருந்து டோபமைன் 'கழுவி' வெளியேறுவதில்லை. கழுவி வெளியேற்ற வேண்டிய அழுக்கும் அல்ல அது.

டிஎச் அதைத் தயாரிக்கிறது. விஎம்ஏடி-2 பொட்டலம் கட்டுகிறது. டி2 அளந்து பார்க்கிறது. டிஏடி திருப்பி எடுக்கிறது. ஆல்ஃபா-சினுக்ளின் எல்லாரையும் சேர்த்து வைக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நேரத்திலும் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

தேநீர்க் குவளையை எட்டி எடுக்கக் கை நீள்வது அவை ஒழுங்காக வேலை செய்வதால்தான். அந்தக் கை நடுங்கத் தொடங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாக மெதுவானாலோ, 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.